பத்துப் பாக்கெட்டுக்கு ஒரு காற்று

உங்கள் ஊரில் அப்பளம் வாங்கினால் கூடவே இலவசமாக என்ன கொடுப்பார்கள், ஸ்பூனா, மூடி போட்ட சின்ன டப்பாவா? வெயிலுகந்தபுரத்தில் ஒரு சித்திரையில் காற்று கொடுத்தார்கள். பத்துப் பாக்கெட்டுக்கு ஒரு காற்று. வாங்கினவர்கள் எல்லாம் நல்லபடியாக இருக்கிறார்கள், வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த ஊரில் ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது, மேற்கே ஒரு கண்மாய் உண்டு, அதில் தண்ணீர் நின்ற நாளைவிடப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடின நாள்தான் அதிகம். ஆனால் வெயில் மட்டும் குறைவில்லாமல் உண்டு, அந்த வெயிலை நம்பித்தான் கிழக்குத் தெருவில் மிளகாய் வற்றலானது, மேலத் தெருவில் வடகம் காய்ந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் குச்சியைப் பரப்பினார்கள், நடுத்தெருவில் சங்கரேஸ்வரி வீட்டு முற்றத்திலும் மாடியிலும் பாய் பாயாக அப்பளம் காய்ந்தது. ஊர்க் காவலுக்கு நிற்கிற அம்மனுக்கே கூரை கிடையாது. அவள் வெயிலுக்கு உகந்தவள், தலைக்கு மேலே ஒரு தகரம்கூட வைக்க விடமாட்டாள்.

சங்கரேஸ்வரியை ஊர் சங்கரி என்றுதான் கூப்பிட்டது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்தவள், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே உளுந்து மாவு பிசைவாள், கணக்காகப் பிரண்டைச் சாறு விடுவாள், பிசைந்தபடியே பதினொரு பெண்களுக்கு வேலை சொல்லுவாள். பிள்ளை பெயர் தன்யஸ்ரீ, நாலு வயசு. அப்பளத்தின் பெயர் தன்யா அப்பளம். புருஷன் மாரிக்கனி லோடு ஆட்டோவில் கடை கடையாகப் போட்டுவிட்டு வருவான், பாதியைத் திருப்பியும் கொண்டுவருவான்.

"அப்பளம் நல்லாத்தான் இருக்காம். ஆனா பெரிய கம்பெனிக்காரன் ஸ்பூன் குடுக்கானாம். சனம் ஸ்பூனைப் பாத்துத்தான் எடுக்குதாம்" என்றான்.

"ஸ்பூன் போய் அடுக்களைக்குள்ள விழுந்துரும்ங்க" என்றாள் சங்கரி. "நாம குடுக்குற சாமான் கையிலயே இருக்கணும். நம்ம பேரு முகத்துக்கு நேரா இருக்கணும்."

அப்படித்தான் இரண்டு பேரும் மதுரைக்கு பஸ் ஏறினார்கள். பெயர் அச்சடித்துக் கொடுக்கிற பரிசுச் சாமான் கடையில் ஒரு தம்பி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

"பென் டிரைவ் இருக்குக்கா."

"எங்க ஊர்ல அதை எதுலப்பா சொருகுறது?"

"புளூடூத் ஸ்பீக்கர்?"

"தெருவெல்லாம் ஆளுக்கொரு பாட்டுப் போட்டா, குடுத்தவ நாந்தானேன்னு என்னையத்தான் வைவாக."

கடைசியில் அவன் ஒரு பச்சை விசிறியை எடுத்தான். உள்ளங்கை அகலம், போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும், பொத்தானை அமுக்கினால் மூன்று இறக்கை சுற்றும். சங்கரி அதை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவள் தேடி வந்தது அதுதான். முந்நூறு விசிறிக்குச் சொல்லி, பெயரும் ஊரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தாள்.

"ஏதாச்சும் ஒரு வரி போட்டா நல்லாருக்கும்க்கா" என்றான் அந்தத் தம்பி.

சங்கரி யோசித்துவிட்டு, "காற்றைப் போல லேசுன்னு போடுப்பா, அப்பளத்துக்குத்தான்" என்றாள்.

அந்த வரிதான் காரணம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள், மதுரைத் தம்பியின் கைராசி என்று சிலர் சொன்னார்கள், அதற்கு மேல் ஒருவரும் துருவவில்லை, துருவ நேரமும் இல்லை. வெயிலை நம்பிப் பிழைக்கிற ஊரில் காற்றை இலவசமாகக் கொடுக்கலாமா என்று மட்டும் யாருக்குமே தோன்றவில்லை. அதில் தப்பும் சொல்ல முடியாது. அவர்கள் அதுவரை கண்ட காற்றெல்லாம் அனல்தான்.

பெட்டியைப் பிரித்ததும் முதல் விசிறியை எடுத்தவள் வேலம்மா. அப்பளம் தேய்ப்பதில் அவள் கைக்கு ஈடு இல்லை, வாய்க்கும் ஈடு இல்லை. பொத்தானை அமுக்கினாள். நனைந்த பாறையின் வாசமும், நசுங்கின ஏலக்காய் வாசமும், ஈர விறகு புகைகிற வாசமும் கலந்த ஒரு காற்று முற்றத்தில் வந்து இறங்கியது. வேலம்மாவின் கண்ணிமையில் பொடிப்பொடியாகத் தண்ணீர் கோத்தது. காற்றுக்குப் பின்னாலேயே, எங்கோ வெகுதூரத்தில் ஒரு பறவை விசில் அடிப்பது கேட்டது. பதினொரு பெண்களும் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பச்சை விசிறியையே பார்த்தார்கள். வேலம்மா அதை முன்பக்கம் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல சாமானாத்தான் வாங்கியிருக்கத்தா. சிலுசிலுங்குது" என்று சொல்லி, விசிறியை உளுந்து டின்னுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தாள்.

அவ்வளவுதான். அதிசயம் வெயிலுகந்தபுரத்துக்குள் அப்படித்தான் வந்தது, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிற விருந்தாளி மாதிரி.

முந்நூறு விசிறியும் எட்டு நாளில் தீர்ந்தன. சுற்றுப்பட்டிலிருந்து எல்லாம் வந்து பத்துப் பத்துப் பாக்கெட்டாக வாங்கினார்கள், அப்பளமே தின்னாத சர்க்கரை வியாதிக்காரர்கூட வாங்கினார். வெளியூர் போன விசிறி வெறும் விசிறியாகத்தான் சுற்றியது, வெயிலுகந்தபுரத்து எல்லைக்குள் சுற்றினால்தான் அந்தக் காற்று வந்தது. அதைக் கேள்விப்பட்டு வெளியூர்க்காரர்கள் விசிறியோடு இங்கேயே வந்து உட்கார்ந்தார்கள். விசிறி இல்லாத வீட்டுக்காரர்கள் உறைமோர் வாங்குகிற மாதிரி கிண்ணத்துக்குப் பதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், "கொஞ்சம் காத்துக் குடுங்க மதினி" என்று நின்றார்கள், மதினிமாரும் இல்லை என்று சொல்லவில்லை. காலையில் ஏழு மணிக்கு எல்லா விசிறியிலும் ஒரு சங்கு ஊதியது, ஏதோ மலைத் தோட்டத்தில் ஆள் கூப்பிடுகிற சங்கு, அதைக் கேட்டுத்தான் இங்கே பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள். சித்திரை நடுவில் ஓட்டுக் கூரைகளில் பாசி பிடித்தது, வேப்ப மரங்கள் இரண்டாம் தடவை துளிர்த்தன, நடுத்தெருவில் மயில்கள் வந்து தோகையை விரித்துக்கொண்டு நின்றன, பஸ்காரர் அவை ஆடி முடிக்கிற வரைக்கும் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். அம்மனுக்கும் ஒரு விசிறி வைக்கலாமா என்று பேச்சு வந்தபோது பூசாரிதான், "அவளுக்கு இதைக் காட்டப்படாது, கோவிச்சுக்கிருவா" என்று தடுத்துவிட்டார். அதனால் கோயிலைக் கடக்கிறபோது எல்லாரும் விசிறியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

சங்கரிக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் மகள் பெயர் காற்றடித்துக்கொண்டிருந்தது. ராஜபாளையத்திலிருந்து பெரியதம்பி என்கிற சமையல் கான்ட்ராக்டர் தானாக வந்து, வைகாசிக் கல்யாணம் ஒன்றுக்குப் பன்னிரண்டாயிரம் அப்பளம் சொன்னார். "இது சரியா வந்துட்டா வருஷம் பூரா ஒன்கிட்டதான்த்தா" என்றார். பதினொரு பெண்களும் அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தார்கள், ஏனென்றால் மழைக்காலத்திலும் ஆடியிலும் கூலி இல்லாமல் உட்காருவது அவர்கள்தான்.

அப்புறம்தான் அப்பளம் காயாமல் போனது.

காலையில் விரித்த அப்பளம் சாயங்காலம் எடுத்தால் ஈரத் துணி மாதிரி தொங்கியது, மறுநாள் பச்சைப் புள்ளி வைத்தது, எண்ணெயில் போட்டால் பொரியாமல் பூரி மாதிரி படுத்தது. கிழக்குத் தெருவில் வற்றல் திரும்பவும் மிளகாயானது. தீப்பெட்டிக் குச்சி உரசினால் முனகியது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"குடுத்ததை எல்லாம் திருப்பி வாங்கிரு" என்றான் மாரிக்கனி.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்குறதா? எந்த மூஞ்சியை வச்சுக் கேக்க?"

"அப்ப பகல்ல போடாதீங்கன்னாச்சும் சொல்லு."

அதைத்தான் வேலம்மாவிடம் முதலில் சொல்லிப் பார்த்தாள். வேலம்மா விசிறியை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நான் ஒருத்தி போடுறதுலயாத்தா ஒன் அப்பளம் காயாமப் போச்சு? இத்தனூண்டு சாமான். மேலத் தெருவுல போய்ச் சொல்லு, அங்கதான் வீட்டுக்கு நாலு ஓடுது." மேலத் தெருவில் கேட்டால் கிழக்குத் தெருவில் போய்ச் சொல்லச் சொன்னார்கள். கடைசியாகப் பாப்பாத்தி வீட்டுக்குப் போனாள். மூன்று மாதக் கைப்பிள்ளை, உடம்பெல்லாம் வேர்க்குருவோடு பிறந்ததிலிருந்து அழுதுகொண்டே இருந்த பிள்ளை, தொட்டில் கயிற்றில் கட்டின பச்சை விசிறிக்குக் கீழே உள்ளங்கையை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இப்பதான் மதினி இவன் தூங்குறான், நானும் தூங்குறேன்" என்றாள் பாப்பாத்தி, சத்தமில்லாமல். "நீங்க நல்லாருக்கணும். என்ன மதினி, ஏதும் கேக்க வந்தீகளா?"

"ஒண்ணுமில்ல. பேரு அழியாம இருக்கான்னு பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்றாள் சங்கரி. நன்றாகப் பார்த்தாள். அழியாமல்தான் இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். சித்திரை மாதத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தாள், தலையில் சின்ன சாக்கு மூட்டை, கையில் ஒரு காலி அப்பளப் பாக்கெட். பாக்கெட்டைக் காட்டித்தான் வழி கேட்டு வந்தாள். பெயர் எஸ்தர், மேல்சாரல் என்கிற தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், குடியிருக்கிறவள்.

"இங்க வேலம்மான்னு யாரு?" என்று கேட்டாள்.

வேலம்மா நிமிர்ந்தாள். "நாந்தான். ஏன்?"

"குரலைக் கேட்டுட்டே இருக்கோம்க்கா, முகத்தைப் பாக்கணும்னு ஆசை" என்றாள் எஸ்தர்.

வருஷத்தில் எட்டு மாதம் மழை விடாமல் பெய்கிற இடம் அவர்கள் மலை. கல்யாணப் புடவையே கொடியில் கிடந்து பூஞ்சை பூத்துப்போகும், மிளகை அடுப்புக்கு மேலே கட்டித்தான் காய வைப்பார்கள், பிள்ளைகள் ஈரச் சட்டையோடுதான் பள்ளிக்கூடம் போவார்கள். ஒரு நாள் லயத்து முற்றத்தில் திடுமென்று அனல் காற்று அடித்தது. அதில் மிளகாய் நெடி இருந்தது, உளுந்து மாவு வாசம் இருந்தது, ஒரு பொம்பளை யாரையோ மூச்சு விடாமல் வைகிற சத்தம் இருந்தது, நடுநடுவே 'விடு வேலம்மா' என்றும் 'ஏ தன்யா, மாவை மிதிக்காத' என்றும் இருந்தது. மூன்றே நாளில் மிளகு கலகலவென்று காய்ந்தது. பெரியவர்கள் ஜெபம் பண்ணினார்கள், பிள்ளைகள் தன்யா யாரென்று கேட்டார்கள். போன வாரம் தேயிலை ஏற்ற வந்த லாரிக்காரர் சோற்றுக்குப் பொரித்துக்கொள்ளப் பிரித்த பாக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்தார்கள்.

"உங்க காத்து எங்களுக்கு வருது, எங்க காத்து உங்களுக்கு வருது போல" என்று சொல்லி, எஸ்தர் சாக்கை அவிழ்த்து இரண்டு படி மிளகை முறத்தில் கொட்டினாள். "சும்மா வாங்கிக்கக் கூடாதில்ல. இது உங்க வெயில்ல காஞ்சது."

சங்கரி ஒரு மிளகை எடுத்துக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, காரத்தில்தான். அந்தக் காரத்தோடு ஒரு யோசனையும் வந்தது.

"எக்கா, உங்க முத்தம் எவ்வளவு பெருசு?"

பச்சை அப்பளத்தை வேட்டித் துணியில் அடுக்கடுக்காக வைத்துக் கட்டி, லோடு ஆட்டோவில் ஏற்றி, மழைக்குப் பெயர்போன மலைக்கு அப்பளம் காயப்போட ஒருத்தி போகிறாள் என்று கேட்டால் யாரும் சிரிப்பார்கள். வெயிலுகந்தபுரம் சிரிக்கவில்லை, எல்லை வரைக்கும் வந்து வழியனுப்பியது. தன்யஸ்ரீயை வேலம்மா வைத்துக்கொண்டாள்.

மலை ஏற ஏற மழை. கடைசி வளைவு வரைக்கும் வைப்பரை நிறுத்தவே முடியவில்லை. லயத்து முற்றத்தில் காலை வைத்ததும் சங்கரி நின்றுவிட்டாள். நாலு பக்கமும் தேயிலைமேல் சாரல் வெள்ளைச் சீலை மாதிரி இறங்கிக்கொண்டிருக்க, நடுவில் அந்த முற்றம் மட்டும் வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது; காற்று அவள் முகத்தில் அறைந்தது, அவள் பிறந்த நாளிலிருந்து வைது வைதே சுவாசித்த அதே அனல் காற்று, அது இத்தனை அழகு என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மிளகாய் நெடி வந்தது. மாவு வாசம் வந்தது. 'அந்தப் பாயைச் சுருட்டுங்கட்டி, சோம்பேறிகளா' என்று வேலம்மா வந்தாள். அதற்கும் பின்னால், சின்னக் குரலில், 'அத்தை, எங்கம்மா எப்ப வரும்?' என்று வந்தது. சங்கரி காற்றைப் பிடிக்கிறவள் மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். மாரிக்கனி வண்டியிலிருந்து இறங்காமலே முகத்தைத் துடைத்துக்கொண்டான், மழைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

லயத்துப் பெண்கள் கூடவே நின்று விரித்தார்கள், திருப்பினார்கள், அடுக்கினார்கள். ஒரே பகலில் அப்பளம் காய்ந்தது. ஒன்பது நாளில் மூன்று தடவை வண்டி ஏறி இறங்கியது, எட்டாயிரம் அப்பளம் கட்டி வீட்டில் வைத்தாயிற்று, கடைசி நாலாயிரத்தைச் சங்கரி கொண்டுபோய் விரித்தபோது பொழுது மத்தியானத்தைத் தாண்டிவிட்டது. மறுநாள் ஒரு பகல் காய்ந்தால் போதும், சாயங்காலம் பெரியதம்பியின் வண்டி வந்துவிடும்.

எஸ்தர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. என் மக ஜெபசீலிக்கு நாளைக்கு இந்தா பக்கத்துல இருக்க எஸ்டேட் ஆஸ்பத்திரில பிரசவ ஆபரேஷன். தலைச்சன். பத்து மணின்னு சொல்லியிருக்காங்க."

"நல்ல சேதிதானக்கா."

"எங்க லயத்துல ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைத் தொடச்சதும் இந்த முத்தத்துக்குத் தூக்கிட்டு வந்து காத்துல காட்டுவோம். அந்த முதக் காத்து மூக்குல ஏறினாத்தான் அது மலைப்பிள்ளை. எங்கம்மா என்னையக் காட்டினாங்க, நான் இவளைக் காட்டினேன்." எஸ்தர் முற்றத்தில் கிடந்த நாலாயிரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தாள். "உங்க காத்து நல்ல காத்துதான், ஒரு குறையும் இல்ல. நான் சும்மா சொன்னேன். டீ ஆறுது, குடி."

சங்கரி டீயைக் குடித்தாள். தன்யஸ்ரீ பிறந்த மூன்றாம் நாள் அவளை இடுப்புத் துணியோடு தூக்கிக்கொண்டு போய் முற்றத்து இளவெயிலில் காட்டினது ஞாபகம் வந்தது. பிள்ளை கண்ணைச் சுருக்கி, வாயைத் திறந்து, அந்த வெயிலைக் குடிக்கிற மாதிரி கிடந்தது. அன்றைக்கு யாராவது மழையைக் கொண்டுவந்து வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வண்டியை எடுங்க" என்றாள்.

"அப்பளம்?" என்றான் மாரிக்கனி.

"கெடக்கட்டும்."

வெயிலுகந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. நேராக அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் மைக்கைக் கேட்டாள். மயில்கள் மதில்மேல் உட்கார்ந்திருந்தன. தெருவெல்லாம் காற்று சிலுசிலுவென்று ஓடியது. தன்யஸ்ரீயை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலம்மா ஓடிவந்தாள், அவள் பின்னாலேயே பாப்பாத்தி, அவள் பின்னாலேயே பாதி ஊர்.

சங்கரி விஷயத்தைச் சொன்னதும் வேலம்மா நெஞ்சில் கையை வைத்தாள். "ஏட்டி, விசிறியை நிறுத்துனா அங்க மழை எறங்கிருமேட்டி. ஒன் நாலாயிரமும் கூழாப் போகுமே. அந்த கான்ட்ராக்டரு திரும்பிப் பாப்பாரா?"

"பாக்கலைன்னா வேற ஆளைப் பாப்போம்க்கா."

"எங்க கூலி?"

சங்கரி கையை நீட்டினாள். வேலம்மாவின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வேலம்மா மடியிலிருந்து தன் விசிறியை எடுத்துப் பொத்தானை அமுக்கி நிறுத்தி, மதில்மேல் வைத்தாள். அது சுற்றி ஓய்கிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஒன்று நின்றது. இன்னும் இருநூற்றுச் சொச்சம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது.

தன் அப்பளத்துக்காகப் பாப்பாத்தி வீட்டில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வந்தவள், மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"நான் நடுத்தெரு சங்கரி பேசுறேன். அண்ணன்மாரு, மதினிமாரு, அக்காமாரு எல்லாரும் கேளுங்க. நான் குடுத்தது உங்களுக்குக் குடுத்ததுதான், திருப்பி வாங்க வரல. நாளைக்கு ஒரே ஒரு பகல் மட்டும் யாரும் பொத்தானைத் தொடாதீங்க. நம்ம ஒருத்தர் போட்டா என்னன்னு யாரும் நெனைக்காதீங்க. பாப்பாத்தி, ஒன் பிள்ளையை நான் வந்து பனையோலை விசிறியால வீசுறேன், கை வலிச்சாலும் நிறுத்த மாட்டேன். மலையில நாளைக்கு ஒரு பிள்ளை பெறக்குது. அது மொத மொத மூச்சு இழுக்கையில அதோட ஊருக் காத்து அதுக்கு வேணும். அதை மட்டும் விட்டுக் குடுங்க."